சுவருக்குள்ளே வாசல் வைத்தவர்

பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டுக்கும் நல்லேப்பிள்ளிக்கும் நடுவே எந்த வீட்டுச் சுவரைச் சுரண்டினாலும் என் செங்கல்தான் தெரியும். பெருமைக்குச் சொல்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான். பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும். அப்புறம் அடுத்தவன் சூளையில் தலையில் கல் சுமந்தேன். இன்றைக்குச் சூளை என்னுடையது, லாரி என்னுடையது, லாரி நிற்கிற இடமும் என்னுடையது. எல்லாம் என் கையால் வந்தது. எங்கள் வீட்டு நடுச்சுவரில் உள்ள ஒரு சமாசாரம் மட்டும் இன்னொருவர் கையால் வந்தது. அவரைப் பற்றிச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன ஆடியில் என் வீட்டுக்காரி குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்து ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தாள். எங்களுக்கு ஒரே மகன், கனடாவில் இருக்கிறான். சுவருக்கு அந்தப் பக்கம் என் அண்ணன் மனைவி தனியாக இருக்கிறாள். அண்ணன் போய்ச் சில வருஷம் ஆகிறது. அவர் மகளுக்குக் கோயம்புத்தூரில் வேலை. ஆக ஒரே கூரைக்குக் கீழே இரண்டு கிழவிகள், நடுவில் ஒன்பது அங்குலச் சுவர். அண்ணி எங்கள் பக்கம் வரவேண்டுமென்றால் தன் வாசலில் இறங்கி, ரோட்டைத் தொட்டு, எங்கள் கேட்டைத் திறந்து, படியேறி வரவேண்டும். மழையென்றால் ஒரு கையில் குடை, ஒரு கையில் குழம்புக் கிண்ணம். நானோ பகலெல்லாம் சூளையில்.

"ஏனுங்க, இந்தச் செவுத்துல ஒரு வாசல் வெக்கோணுங்க" என்றாள் என் வீட்டுக்காரி.

"கூரை எறங்கிப் போயிரும்."

"எறங்குனா எறங்கட்டும். அக்கா அந்தப் படியில வழுக்கி உளுந்தா, அப்பறம் ரெண்டு பேர்த்துக்கும் நீங்கதான் சோறாக்கி ஊத்தோணும்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தச் சுவரைக் கட்டியபோது பக்கத்திலேயே நின்று, பின்னால் வாசல் திறக்க வசதியாக எதுவும் உள்ளே போய்விடக் கூடாதென்று காவல் காத்தவன் நான்தான். யாரிடமிருந்து காவல் காத்தேன் என்று சொன்னால்தான் அவர் எப்பேர்ப்பட்டவர் என்று புரியும்.

அவருக்கும் பெயர் இருந்தது, யாரும் கூப்பிட்டதில்லை. நடுச்சுவர்க் கொத்தனார் என்றால் எல்லாருக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் வீட்டை இடிப்பதில்லை, விற்பதுமில்லை. நீளமான ஓட்டு வீட்டின் நடுவில் ஒரு சுவரை எழுப்பி, சமையலறை இல்லாத பாதியில் ஒரு சமையலறையைக் கட்டிக்கொண்டால் முடிந்தது. அந்தச் சுவருக்கென்றே அவரைக் கூப்பிடுவார்கள். ஒரு காலத்தில் எந்தத் தெருவில் அவர் சைக்கிள் நின்றாலும், "ஆரூட்டுல பாகம் வெக்கறாங்கொ?" என்று அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கும்.

ஆள் குள்ளம். தலையில் துண்டு, கன்னத்தில் எப்போதும் ஓர் ஏலக்காய். சாந்தன்பாறை மலையில் ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர் என்பதால் அந்தப் பழக்கம் என்பார். சிமெண்டுப் புழுதிக்கு நடுவே அவர் வாயைத் திறந்தால் பாயச வாசம் வரும். பேச்சும் எங்கள் பேச்சாக இருக்காது. தெற்கத்திக்காரர் மாதிரி "வந்தாக, போனாக" என்று இழுப்பார்.

செங்கல் லோடு இறக்கப் போய் அவர் வேலையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் நாள் கல் வைக்கும் முன்னால் நூல் பிடிக்க வேண்டுமல்லவா, அதற்குச் சித்தாளைக் கூப்பிட மாட்டார். ஒரு முனையை அண்ணன் பிடிக்க வேண்டும், மறுமுனையைத் தம்பி பிடிக்க வேண்டும். "எனக்கு ரெண்டு கைதான் இருக்கு, அதுல கரண்டி இருக்கு" என்பார். வக்கீல் வைத்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட வேறு வழியில்லாமல் ஆளுக்கொரு முனையில் குத்தவைத்து உட்கார்ந்திருப்பார்கள். அதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக இருக்கும், என் முறை வரும் வரைக்கும்.

சாப்பாட்டிலும் ஒரு சட்டம் வைத்திருந்தார். காலையில் ஒரு பக்கம் சாப்பிட்டால் மதியம் மறுபக்கம். கூலி யார் கொடுக்கிறார் என்பது அதில் சேராது. ஒரு பக்கத்துக் குழம்பை மறுபக்கத்தில் உட்கார்ந்து புகழ்வார். "அந்தூட்டுல இன்னைக்குப் பருப்பு அருமை. நீங்களும் ஒரே மாமியாகிட்டதான கத்துக்கிட்டீக? அப்பறம் எப்படி இது வேறயா இருக்கு?" அந்தப் பெண்ணுக்கு முகம் கறுக்கும். மறுநாள் ரெண்டு பக்கமும் போட்டி போட்டுக்கொண்டு சமைப்பார்கள். சண்டையை மூட்டுகிறாரா, அணைக்கிறாரா என்று சொல்ல முடியாது. சாப்பாடு மட்டும் அவருக்குக் குறைந்ததே இல்லை.

இதெல்லாம் வெளியே தெரிந்த பழக்கம். தெரியாத ஒன்றும் இருந்தது. அவர் கட்டுகிற ஒவ்வொரு நடுச்சுவரிலும் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு லிண்டல் வைத்துவிடுவார். லிண்டல் என்றால் வாசலுக்கும் சன்னலுக்கும் மேலே சுவரின் பாரத்தைத் தாங்கப் படுக்கவைக்கிற கான்கிரீட் பட்டை. வாசலே இல்லாத சுவருக்கு அது எதற்கு? அதற்குக் கீழே வாசல் அகலத்துக்குக் கல்லை மற்ற சுவரோடு பின்னாமல், மண்சாந்தில் சும்மா அடுக்கி, மேலே ஒரே பூச்சாகப் பூசிவிடுவார். என்றைக்காவது வேண்டுமென்றால் அந்தக் கல்லை மட்டும் உருவினால் போதும், வாசல் தயார், கூரை அசையாது.

"எதுக்குங்க இந்த வேண்டாத வேலை?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"குடும்பம் இட்லி மாவு மாதிரி மொதலாளி" என்றார். "பொங்கும், அமுங்கும். பாத்திரம் ஒரே அளவுல இருந்தா எப்படி?"

அன்றைக்கு லாரி நிழலில் உட்கார்ந்து லயத்துக் கதையைச் சொன்னார். வரிசையாகப் பத்து வீடு, வீட்டுக்கு ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, ரெண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். இவருடைய அண்ணனுக்குக் கல்யாணமானபோது பக்கத்து அறை காலியாக இருந்தது. மேனேஜரிடம் கேட்டு வாங்கி, நடுச்சுவரை அப்பாவே கடப்பாரையால் குடைந்திருக்கிறார். மேலே தாங்க ஒன்றுமில்லை. சுவர் சமையல்கட்டுப் பக்கம் சரிந்து அம்மாவின் காலை நசுக்கிவிட்டது. "அதுக்கப்பறம் எங்கம்மா கடைசி வரைக்கும் சாய்ஞ்சுதான் நடந்தாக" என்றார். பிறகு கட்டை கொடுத்து வாசலைச் சரிசெய்தார்கள். அண்ணன் பெண்டாட்டியோடு திருப்பூருக்குப் போனதும் அதைப் பலகையால் அடைத்தார்கள். அந்த அறைக்கு ஒரு விதவை தன் பிள்ளையோடு வந்தாள். அவள் விடியலிலேயே ஏலக்காட்டுக்கு வேலைக்குப் போய்விடுவாள். பிள்ளை இவர்கள் வீட்டில் சாப்பிட வேண்டும் என்று பலகையை மறுபடி எடுத்தார்கள்.

"எங்க லயத்துல யாரு யாருக்குச் சொந்தம்னு கேட்டா கங்காணிக்கே தெரியாது. யாரு எங்க சாப்பிடுதான்னு கேட்டா எல்லாருக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டு ஏலக்காயை மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார்.

பாலக்காட்டு டவுனில் கோயில் தெருக்களில் வேலையே தலைகீழ். அங்கே அவரைக் கட்டக் கூப்பிடுவதில்லை, உடைக்கத்தான் கூப்பிடுவார்கள். ஒட்டி ஒட்டி வீடுகள். பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு. வீட்டுக்கு ஒருவரோ இருவரோ. ஒரு வீட்டில் வயதான தம்பதி, பக்கத்து வீட்டில் தனியாக ஒரு மாமி. மூன்று பேருக்கும் ஒரே சமையல்காரியை வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு வாசல் வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்திருந்தார்கள். நான் செங்கல் கொண்டுபோயிருந்தேன். மாமி கேட்டாள்:

"வாசலை வெச்சுட்டு அப்புறம் எங்களுக்குள்ள மனஸ்தாபம் வந்துடுத்துன்னா என்ன பண்றது?"

"ஒரு திரையைப் போட்டுக்கிடுங்க மாமி. மனஸ்தாபம் தீந்ததும் துவைக்கப் போட்டுருங்க."

மாமி சிரித்து அடங்க நேரமாயிற்று. ஆனால் அந்தப் பழைய சுவரில் லிண்டல் கிடையாது. முட்டுக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து, செத்துப்போன எந்தக் கொத்தனாரையோ திட்டிக்கொண்டே ஒரு வாரம் வேலை செய்தார். "இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டுனவன் ஒரு கல்லு வச்சிட்டுப் போயிருக்கக் கூடாதா?" என்று.

இனி எங்கள் சுவர். அப்பா காலமானதும் அண்ணனும் நானும் பிரிந்தோம். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அண்ணனுக்கு வயலைத் தவிர ஒன்றும் வேண்டாம். எனக்கு வயலைத் தவிர எல்லாம் வேண்டும். அவர் சோற்றில் உட்கார்ந்திருந்தால் நான் இன்றைக்கும் யாரோ ஒருவருடைய லாரியைத்தான் கழுவிக்கொண்டிருப்பேன். பேச்சு முற்றி, பிறகு பேச்சே நின்றுபோயிருந்த சமயம். கொத்தனாரைக் கூப்பிட்டு முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"எம்பட செவுத்துல லிண்டல் கிண்டல் ஒண்ணும் போவக்கூடாது. அந்த வேலையெல்லாம் அடுத்தவன் ஊட்டுல வெச்சுக்கோங்க. நான் பக்கத்துலயே நிப்பேன்."

"நில்லுங்க மொதலாளி. நீங்க நின்னா கல்லும் ஒழுங்கா நிக்கும்."

நூலை நீட்டினார். ஒரு முனையில் நான், மறுமுனையில் அண்ணன். முகத்தைப் பார்க்காமல் நூலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணன்தான் வாயைத் திறந்தார்: "இன்னுஞ் சித்த எம்பட பக்கம் தள்ளிப் புடி. உனக்கு லாரிச் சாமானெல்லாம் வெக்க எடம் வேணுமல்லோ." தள்ளிப் பிடித்தேன். இன்றைக்கும் எங்கள் பாதி அகலமாக இருப்பது அதனால்தான்.

சுவர் ஏறியது. பழைய உத்தரத்தைக் கறையான் தின்றிருந்ததால் கூரையின் பாரத்தையும் புதுச் சுவர் மேலேயே ஏற்றுவதாக ஏற்பாடு. நான் சூளைக்குப் போகாமல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். கான்கிரீட் கலக்கினால் தெரியும், கம்பி வந்தால் தெரியும், ஒன்றும் வரவில்லை. என் கண்ணெல்லாம் அதிலேயே இருந்தது, சாந்துச் சட்டியில் இல்லை. சுவர் ஆள் உயரத்தைத் தாண்டியபோது அவர் ஒரு கல்லைக் கையில் எடுத்துக் கரண்டிப் பிடியால் தட்டிப் பார்த்தார்.

"நல்லா வெந்திருக்கு மொதலாளி. ஆனா படுக்க வச்சா யாரு கல்லும் தாங்கும். நிப்பாட்டி வச்சா ஒங்க கல்லு தாங்குமான்னுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."

"ஆருகிட்டப் பேசறீங்க? எம்பட கல்லை நிக்க வெச்சாலும் தாங்கும், தலைகீழா வெச்சாலும் தாங்கும். வெய்யிங்க பாக்கலாம்."

"ஒரு வரி முழுக்க நிப்பாட்டட்டுமா?"

"ஒம்பது வரி நிப்பாட்டுங்க."

ஒரு வரி மட்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கல்லை நிமிர்த்தி நட்டார். சிப்பாய்கள் வரிசையாக நிற்கிற மாதிரி அழகாக இருந்தது. நடுவில் ஒரு கல்லைச் சீவி ஆப்பு மாதிரி இறக்கினார். அதையும் என் கண்ணாலேயே பார்த்தேன். சாயங்காலம் அண்ணன் பக்கத்தில் காப்பி குடித்துவிட்டு, என் பக்கம் வந்து இன்னொரு காப்பி குடித்தார். அப்புறம் பூச்சு வேலை. வரி மறைந்தது, நானும் மறந்தேன்.

பின்னால் அவர் மனைவி தவறிய பிறகு மலைக்கே திரும்பிப் போய்விட்டார். மகன் திருச்சூரில் சொந்த வீட்டில் இருக்கிறான், ஆனால் அங்கே போகவில்லை. ஓர் உறவுக்காரர் கல்யாணத்துக்குச் சாந்தன்பாறை போனபோது விசாரித்துக்கொண்டு அந்த லயத்துக்குப் போனேன். அந்த விதவையின் பிள்ளை, இப்போது அவனே நரைத்தவன், இவரைத் தன் வீட்டில் வைத்திருந்தான். அடுத்த அறையில் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு குடும்பம். நடுவாசல் இன்னும் திறந்தேதான் இருந்தது. அந்தக் குடும்பத்துப் பெண்குழந்தை இவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"ரேஷன் கார்டுல நீங்க ஆரூட்டுலீங்க?" என்றேன் கேலியாக.

"கார்டுல நான் தனியாளு. சோத்துலதான் ஏழு பேரு."

நான் சும்மா இருப்பேனா? "நம்ம செவுரு இன்னும் ஒரு கீறல் உடுல, பாத்துக்கோங்க" என்றேன்.

"விடாது. அது நாம ரெண்டு பேரும் சேந்து கட்டுனதுல்லா." பிறகு கேட்டார்: "அண்ணன் சௌக்கியமா இருக்காகளா?"

அண்ணன் போய்விட்டதைச் சொன்னேன். குழந்தையின் தலையைச் சற்று ஏற்றி வைத்துக்கொண்டார். "அப்ப அந்தப் பக்கம் அந்தம்மா ஒத்தையிலயா?" என்றார். நான் கிளம்பும்போது, "என்னைக்காச்சும் தேவைப்பட்டா நடுவுல சுரண்டிப் பாருங்க மொதலாளி" என்றார். வயசான மனுஷன் ஏதோ சொல்கிறார் என்று வந்துவிட்டேன். அடுத்த மழைக்காலத்துக்குள் அவரும் போய்விட்டதாகத் தகவல் வந்தது.

போன ஐப்பசியில் ஒரு நாள், என் வீட்டுக்காரி பயந்தபடியே அண்ணி எங்கள் படியில் வழுக்கிவிட்டாள். நல்ல காலம், அடி பலமில்லை. குழம்பு மட்டும் படியெல்லாம் ஓடியது. உள்ளே கட்டிலில் இருந்து இவள் கத்துகிறாள்: "அக்கோவ், என்னாச்சு?" அண்ணி படியிலேயே உட்கார்ந்துகொண்டு, "ஒண்ணுமில்ல கண்ணு, கொழம்பு உளுந்துருச்சு, நான் உளுகுல" என்கிறாள். அன்றைக்குத்தான் நடுச்சுவர்க் கொத்தனார் சுரண்டிப் பார்க்கச் சொன்னது எனக்கு உறைத்தது.

மறுநாளே ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்தேன். வங்காளத்துக்காரர், நம்ம ஊர்ப்பெண்ணைக் கட்டி இங்கேயே தங்கிவிட்டவர், தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். லிண்டல் இல்லாத சுவர் என்று நானே சொல்லிவிட்டேன். தலையை ஆட்டினார். "சேட்டா, லிண்டல் இல்லெங்கில் ஜாக்கி வெக்கணும், ஓடு இறக்கணும். மழை மாசம் வேண்டாம்."

"நடுவுல சித்த சுரண்டிப் பாருங்க" என்றேன்.

பூச்சு உதிர்ந்தது. நட்டு வைத்த கல் வரிசை தெரிந்தது. அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இன்னும் கொஞ்சம் சுரண்டிவிட்டு, விரலால் ஒவ்வொரு கல்லாகத் தடவினார். ஓரங்களில் கற்கள் நேராக நின்றன. நடுவில் ஒரு வாசல் அகலத்துக்கு மட்டும் இந்தப் பக்கத்துக் கற்களும் அந்தப் பக்கத்துக் கற்களும் கொஞ்சங்கொஞ்சமாகச் சாய்ந்து, அந்த ஆப்புக் கல்லை நெருக்கிப் பிடித்திருந்தன.

"இது ஆர்ச் ஆணு, சேட்டா, லிண்டல் போலெ பாரம் தாங்கும். கம்பி இல்லாமெ கல்லுலயே. கீழே கல் எல்லாம் சும்மா அடுக்கி வெச்சிருக்கு, மண்ணுதான். இதை யார் செஞ்சது?"

"நாந்தான்" என்று வந்துவிட்டது வாயில். "நானும் இன்னொருத்தரும்."

இருந்தாலும் கூரை கூரைதானே. பேருக்கு ரெண்டு முட்டு கொடுத்துவிட்டு அவர் அடியிலிருந்து கல்லை உருவ ஆரம்பித்தார். என் வீட்டுக்காரியை வெளியே கூட்டிப்போய் உட்காரவைக்கப் பார்த்தேன். அசைய மாட்டேன் என்றுவிட்டாள். ஆர்ச்சை ஒட்டிய கடைசி வரியை எடுத்தபோது மேலேயிருந்து கொஞ்சம் மண் பொலபொலவென்று கொட்டியது. நான் ஓடுகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவர் முட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எடுத்தார். ஓர் ஓடுகூட நகரவில்லை. புழுதிக்கு அந்தப் பக்கம் அண்ணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஏங் கண்ணு, உங்கூட்டுல இத்தனை வெளிச்சமா?" என்றாள் என் வீட்டுக்காரியைப் பார்த்து.

"உங்கூட்டு அடுப்புல என்னமோ கருகுதுங்க அக்கா, மொதல்ல அதைப் போய்ப் பாருங்க."

நிலை வைத்தாயிற்று, கதவும் வந்தது. ஆசாரி கேட்டார்: "தாப்பாள் எந்தப் பக்கமுங்க வெக்கட்டும்?"

"அக்கா பக்கம் வெய்யிங்க" என்றாள் இவள்.

"எனக்கெதுக்கு? அவ பக்கமே வெச்சிருங்க" என்றாள் அண்ணி.

இப்படியே ரெண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. பாலக்காட்டிலேயே கனமான பித்தளைத் தாழ்ப்பாள் ரெண்டு வாங்கி வந்து, ரெண்டு பக்கமும் ஒவ்வொன்று அடிக்கச் சொன்னேன். நான் எதை வாங்கினாலும் நல்லதாகத்தான் வாங்குவேன். இப்போது இந்தப் பக்கத்துத் தாழ்ப்பாளில் என் வீட்டுக்காரியின் ஊன்றுகோல் தொங்குகிறது. அந்தப் பக்கத்துத் தாழ்ப்பாளில் அண்ணியின் குடை தொங்குகிறது.